கணக்கு வராத ஜீன் எங்கே இருக்கிறது?

அரையாண்டுத் தேர்வு பேப்பர் கொடுத்த அன்று எங்கள் வகுப்பில் அதிகம் கேட்ட வசனம் இது: "எங்க வீட்ல யாருக்குமே கணக்கு வராதுப்பா. ஜீன்லயே இல்ல." நல்ல மார்க் வாங்கியவளைப் பார்த்து, "அவளுக்கென்ன, ரத்தத்துலயே இருக்கு" என்றார்கள். ரெண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து அவள் போட்டுப் பார்த்த கணக்கெல்லாம் என்ன ஆச்சு?

ஜீன் என்னதான் சொல்கிறது? டி.என்.ஏ.வில் உள்ள செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. ரிபோசோமுக்குக் கொண்டு போகிறது. அதில் ஏ, யு, ஜி, சி என்று நாலே எழுத்து. ரிபோசோம் அதை மூன்று மூன்றாகப் படிக்கும். அந்த மூன்றெழுத்துதான் கோடான். ஏயுஜி என்றால் மெத்தியோனின், ஆரம்பமும் அங்கேதான். யுயுயு என்றால் ஃபினைல் அலனின். 1961-ல் நிரன்பெர்க்கும் மத்தேயும் முதன்முதலில் கண்டுபிடித்தது இதைத்தான். கடத்து ஆர்.என்.ஏ. ஒவ்வொரு அமினோ அமிலமாகத் தூக்கி வர, பூ கட்டுகிற மாதிரி வரிசையாகச் சேர்ந்து புரதம் உருவாகிறது. மொத்தம் 64 கோடான். 61 அமினோ அமிலங்களுக்கு, மீதி 3 'நிறுத்து' என்று சொல்ல. அந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டேன். 'கணக்கு வராது' என்று ஒரு கோடானும் இல்லை!

"அப்போ பரம்பரை பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் ஜிஏஜி என்பது ஜியுஜி ஆகிவிட்டால் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்காரும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிறது. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த நோய் உண்டு. ஒரே எழுத்து, எவ்வளவு வலி! இதை ஜீன் என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் கணக்குப் போடுவது ஒரு புரதத்தின் வேலை இல்லையே. மூளை வளர ஏராளமான ஜீன்கள் வேண்டும். சாப்பாடு, தூக்கம், சொல்லித் தருபவர் எல்லாமும் வேண்டும். ஒரு மார்க் ஷீட்டைப் பார்த்து இது ஜீனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் உசத்தி, மட்டம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. இந்த அட்டவணை மனுஷருக்குள் மட்டுமல்ல, ஈ.கோலை பாக்டீரியாவுக்கும் அதேதான். அதனால்தான் 1978-ல் மனித இன்சுலினுக்கான செய்தியை அதற்குள் வைத்தபோது, அது தப்பில்லாமல் படித்தது. இன்றைக்கு எத்தனையோ தாத்தா பாட்டிகள் போட்டுக்கொள்ளும் ஊசி அப்படி வந்ததுதான்.

ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "உங்க அக்கா எப்படிப் படிச்சா, நீ ஏன் இப்படி?" என்பதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான்.

எனக்கு இந்தத் தடவை கணக்கில் நூற்றுக்கு 41. காரணம் தொகை நுண்கணிதம், ஜீன் இல்லை. சனிக்கிழமை மதியம் யாராவது சொல்லித் தருவீர்களா? ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்ச்.

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி