பழைய பைத்தானை அழிக்காதீங்க!

சித்தி மகன் இன்ஜினீயரிங் கடைசி வருடம். புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான்.

"அக்கா, லேப்டாப் ஆன் ஆகுது. ஆனா டெஸ்க்டாப்பே வரலை. கறுப்பு ஸ்கிரீன்ல வெறும் எழுத்துதான் தெரியுது!"

"கடைசியா என்னடா பண்ணினே?"

"புது பைத்தான் போட்டேன். ரெண்டு இருந்தா குழப்பமா இருக்குமேன்னு பழசை அழிச்சேன்..."

வினை அங்கேதான். அவனுடைய லேப்டாப்பில் இருந்தது உபுண்டு 22.04. அதோடு சேர்ந்தே வருவது பைத்தான் 3.10. உபுண்டுவின் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதை நீக்கச் சொன்னால் டெஸ்க்டாப்பும் கூடவே போய்விடும். நீக்குவதற்கு முன் நீளமான பட்டியலைக் காட்டி 'சம்மதமா?' என்று கேட்கும். தம்பி படிக்காமலே சரி என்றுவிட்டான்.

ஒரே பெயர், இரண்டு வீடு

ஒரே தெருவில் இரண்டு குமார் இருந்தால், தபால்காரர் முதலில் வரும் குமார் வீட்டில் கடிதத்தைப் போட்டுவிடுவார் இல்லையா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். நாம் 'பைத்தான்' என்றதும், 'பாத்' என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். முதலில் கிடைப்பதை இயக்கிவிடும். அதனால் தப்பான பதிப்பு ஓடினால் முகவரியைச் சரிசெய்தால் போதும். வீட்டை இடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் புதுசாக்கினாலும் சிக்கல்தான். 2023-ல் வந்த பைத்தான் 3.12-ல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியை நீக்கிவிட்டார்கள். அதை நம்பிய பழைய புராஜெக்ட்கள் அதில் ஓடாது.

என்ன செய்யலாம்?

* ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அறை கொடுங்கள். அதற்கான 'வென்வ்' வசதி 3.3 பதிப்பிலிருந்து பைத்தானுடனேயே வருகிறது. ஓர் அறையில் போடும் லைப்ரரி இன்னொன்றைத் தொடாது.

* லைப்ரரிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் 'ரிக்வயர்மென்ட்ஸ்' ஃபைலில் சேமியுங்கள். வேறு கம்ப்யூட்டருக்கு மாறும்போது வென்வ் ஃபோல்டரைக் காப்பி செய்யாதீர்கள். இந்த ஃபைலை வைத்துப் புதிதாக உருவாக்குங்கள்.

* விண்டோஸில் 'பை' லாஞ்சரிடம் பதிப்பு எண்ணைச் சொன்னால் அதையே இயக்கும். லினக்ஸ், மேக் என்றால் 'பைஎன்வ்' உதவும். நோட் ஜேஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு 'என்விஎம்' இருக்கிறது.

* உபுண்டு 24.04-ல் நேரடியாக லைப்ரரி போட முயன்றால் தடுக்கும். 'பிரேக் சிஸ்டம்' என்று தொடங்கும் குறுக்குவழியைப் பார்த்ததும் போட்டுவிடாதீர்கள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது!

தம்பி கதை என்னாச்சு? பென் டிரைவில் உபுண்டுவை ஓடவிட்டு புராஜெக்ட்டைக் காப்பி செய்தோம். நண்பனின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தால், எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு என்று அவனுக்கே நினைவில்லை. குறித்தும் வைக்கவில்லை. கண்டுபிடித்து முடிக்க விடிந்துவிட்டது. ரிவ்யூவில் எப்படியோ தப்பித்தான்.

இப்போது அவன் லேப்டாப்பில் மூன்று பைத்தான்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று சண்டையே இல்லை!