துணைத்திரை வாங்கும் முன்

மடிக்கணினியோடு இணைத்துக்கொள்ளும் கையடக்கத் துணைத்திரை மென்பொருள் துறையினருக்கே உரிய ஆடம்பரம் என்னும் எண்ணம் நம் ஆசிரியரறைகளில் இன்னும் மாறவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் பணிபுரியும் இளைஞர்கள் மேசைக்கு இரண்டு திரை வைத்திருப்பதை இயல்பென ஏற்கும் நாம், ஒரு தமிழாசிரியர் தம் பையிலிருந்து இரண்டாவது திரையை எடுத்தால் நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கிறோம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. இக்கருவி யாருக்கேனும் இன்றியமையாதது என்றால், அது பாடம் ஒப்புநோக்குவோருக்குத்தான்.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த உழைப்பின் பெரும்பகுதி, ஓர் ஏட்டுக்கு எதிரே இன்னோர் ஏட்டை வைத்துப் பார்த்ததுதான். ஒருவர் படிக்க, மற்றவர் தம் கையிலுள்ள பிரதியோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது அக்கால முறை. இன்றைய ஆய்வு மாணவர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஒரு பழம்பதிப்பின் படிமத்தை இறக்கிக்கொள்கிறார். 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் மின்பிரதியை இன்னொரு சாளரத்தில் திறக்கிறார். மூன்றாவதில் அவருடைய ஆய்வேடு. 14 அங்குலத் திரையை இரண்டாகப் பகுத்தால் படிமம் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிடும். ஆகவே சாளரங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். ஓர் அடியைப் படித்து, நினைவில் சுமந்துகொண்டு அடுத்த சாளரத்துக்குப் போகிறார். அந்த ஒரு நொடியில் மனம் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. மனப்பாடமான செய்யுளாயின் ஆபத்து இன்னும் கூடுதல். கண் பார்க்குமுன் மனம் படித்து முடித்திருக்கும். ஏடு பெயர்த்தெழுதியோரிடம் நாம் காணும் பிழைகளில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததே. கணினி வந்தபின்னும் அதே பிழையைச் செய்வதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே திரை வேண்டும். எந்தத் திரை என்பதே கேள்வி.

விளம்பரங்களில் இதை விமான நிலையத்திலும் காப்பிக் கடையிலும் விரித்து வைத்திருப்பார்கள். ஆவடியில் காலை எட்டு மணிக்கு மின்சார ரயில் ஏறுபவர், திரையை விரிக்க இடம் தேடுமுன் கால் ஊன்ற இடம் தேடவேண்டும். பூந்தமல்லிப் பேருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் பகுதியில் பயணத்தில் பணி என்பது, போய்ச் சேர்ந்த இடத்தில் செய்யும் பணிதான்: கல்லூரி, விடைத்தாள் திருத்தும் மையம், அல்லது கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். வழியெல்லாம் திரை நெரிபடும். ஆதலால் எடையைவிட உறையின் உறுதியைப் பாருங்கள். 15.6 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 700, 800 கிராம்தான் இருக்கும்; ஆனால் உடன் வரும் மெல்லிய உறை கீறலைத் தடுக்குமேயன்றி முழங்கையைத் தடுக்காது. நெரிந்து உடைந்த திரைக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கைகொடுப்பதில்லை.

அடுத்து, உங்கள் மடிக்கணினியின் துளையைப் பாருங்கள். டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குப் பெயர்; அதன் திறனுக்குப் பெயரன்று. ஒரே வடிவமுள்ள துளைகளில் ஒன்று மின்னேற்றம் மட்டும் செய்யும், ஒன்று கோப்புகளைக் கடத்தும், ஒன்று படத்தையும் அனுப்பும். (பலபொருள் ஒருசொல் என்று இலக்கணத்தில் நடத்துகிறோமே, அதுதான்.) துளையருகே டி, பி என்னும் ஆங்கில எழுத்துகள் பிணைந்த குறியோ மின்னல் குறியோ இருந்தால் படம் போகும், ஒரே வடத்தில் மின்சாரமும் படமும் முடிந்துவிடும். குறி இல்லையென்றால் கணினியின் கையேட்டைப் பாருங்கள். படம் போகாதென்றால், எச்.டி.எம்.ஐ. வடம் ஒன்றும் மின்சாரத்துக்கு மற்றொன்றும் ஆக இரண்டு வடங்கள் வேண்டும். எனவே இரு வழிகளும் உள்ள திரையையே வாங்குங்கள். கைப்பேசியின் மின்னேற்ற வடத்தைச் செருகிவிட்டுத் திரை பழுது என்று சொல்பவர்கள் உண்டு. அவ்வடங்களில் பெரும்பாலானவற்றுக்குள் படம் கடத்தும் இழைகளே கிடையா.

இனி நமக்கே உரிய ஒன்று. ஓலை கிடைவாக்கில் நீண்டது. அச்சுப் பக்கம் நெடுவாக்கில் உயர்ந்தது. மடிக்கணினியின் திரை ஓலைப் படிமத்துக்கு இயல்பாகவே பொருந்தும், நூற்பக்கத்துக்குப் பொருந்தாது. துணைத்திரையையோ நிமிர்த்தி வைக்கலாம். 15.6 அங்குலத் திரையை நிமிர்த்தினால் ஏறத்தாழ 19 செ.மீ. அகலமும் 34 செ.மீ. உயரமும் கிடைக்கின்றன. பழம்பதிப்பின் ஒரு பக்கம் தலைப்பு முதல் அடிக்குறிப்பு வரை சற்றே பெரிதாக்கிய அளவில் முழுமையாக நிற்கும். பாடபேதங்கள் அடிக்குறிப்பில்தானே இருக்கின்றன! அதற்காகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கணினியின் அமைப்பிலும் காட்சியை நெடுவாக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் அது ஒரு சொடுக்கு வேலை.

இதற்காகவே ஐ.பி.எஸ். வகைப் பலகம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மலிவான டி.என். பலகத்தை நிமிர்த்தினால், அதன் பார்வைக் கோணக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். தலையைச் சற்று அசைத்தாலும் நிறம் மங்கும். புள்ளிச்செறிவு 1920×1080-க்குக் குறையக்கூடாது. 15.6 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 141 புள்ளி; 1366×768 என்றால் 100 புள்ளிதான். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை, ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே வடிவம். அவற்றைப் பிரித்தறிந்து அச்சேற்ற ஒரு தலைமுறை கண் நோகப் பாடுபட்டது. அவர்கள் இட்ட புள்ளியை மங்கிய திரையில் தொலைத்துவிட்டுப் படிப்பது பெரும் அநியாயம்.

விலை? அறியப்பட்ட நிறுவனங்களின் திரைகள் மேலே போகின்றன. இணைய அங்காடிகளில் நான் சொன்ன தகுதிகளோடு ஏறத்தாழ 8,000 முதல் 12,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. தொடுதிரை, நாலாயிரம் புள்ளி அகலம், விளையாட்டுக்கான வேகம் இவற்றுக்குக் கூடுதலாக ஒரு காசும் தரவேண்டாம். அசையாத பக்கத்துக்கு வேகம் எதற்கு? மடிக்கணினியின் இருபுறமும் சிறகுபோல் மாட்டும் இரட்டைத் திரைகள் பார்க்க அழகு, கீலுக்குப் பகை.

ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினியின் பலகத்தைக் கட்டுப்பாட்டு அட்டையோடு சேர்த்துத் திரையாக்கித் தருகிறார்கள். செலவு வெகுவாகக் குறையும். வீட்டு மேசைக்கு நல்லது. பையில் வைக்க உகந்ததன்று. அப்படிக் கிடைப்பவற்றில் பலவும் பழைய 1366×768 பலகங்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

மாதச் சம்பளமே உறுதியில்லாத கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இந்தத் தொகையும் பெரிதுதான். அவர்கள் முதலில் செலவின்றி முயன்று பார்க்கலாம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய கணினிகள் எத்தனை வீட்டுப் பரணில் தூங்குகின்றன! ஸ்பேஸ்டெஸ்க் போன்ற மென்பொருளை முதன்மைக் கணினியில் நிறுவினால், அதே வை-ஃபை இணைப்பிலுள்ள பழைய கணினியின் உலாவியோ ஒரு கைப்பலகையோ துணைத்திரையாகிவிடும். தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. படம் சற்றுத் தாமதமாக வரும். பக்கத்தைப் படிக்க அது தடையில்லை. ஒரு மாதம் இப்படி ஒப்புநோக்கிப் பாருங்கள். தேவையே இல்லை என்று தோன்றினால் பணம் மிச்சம்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் இன்னும் ஒன்றைக் கணக்கில் கொள்ளவேண்டும். துணைத்திரை 8 முதல் 10 வாட் வரை மடிக்கணினியின் மின்கலத்திலிருந்தே உறிஞ்சும். நான்கு மணி நேரம் தாங்கும் கணினி இரண்டேகால் மணியிலேயே படுத்துவிடலாம். மின்னேற்றியைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இயன்றால் கடைக்கே உங்கள் மடிக்கணினியோடு செல்லுங்கள். விற்பனையாளர் ஓடவிடும் வண்ண மீன்களைப் பார்த்து மயங்கவேண்டாம். நீங்கள் எடுத்துச் சென்ற பழம்பதிப்புப் படிமம் ஒன்றைத் திறந்து, திரையை நிமிர்த்தி, அடிக்குறிப்பின் பொடி எழுத்தில் மெய்ப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே இச்சோதனையைச் செய்துவிடுங்கள்.