படம் முடிந்த பின்



அண்மையில் நாவற்குடாவில் உறவினர் வீட்டில் இரண்டு படங்கள் பார்த்தேன். முதலாவது, 2012இல் வந்த ‘துப்பாக்கி’. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அதில் குண்டு வைப்பவர்கள் முஸ்லிம்கள். பக்கத்திலிருந்த சிறுவன், “மாமா, நாம கெட்ட ஆக்களா?” என்று கேட்டான். எனக்கு நெஞ்சு வலித்தது.

மற்றது, ஈரானின் மஜீத் மஜீதி 1997இல் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அலி, தன்னுடையதையே அவளோடு மாறி மாறிப் போடுகிறான். அவர்களின் ஏழை வாப்பா பள்ளிவாசலுக்குரிய சீனியை உடைக்கிறார்; தன் தேநீருக்கு அதில் ஒரு துண்டும் எடுக்கவில்லை. “ஏன் மாமா எடுக்கல்ல?” என்றான் சிறுவன். அமானிதத்தைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை.

தாய்மாரே, பிள்ளைகளோடு சேர்ந்திருந்து பாருங்கள். படம் முடிந்த பின் அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.