மாட்டு ஊசியும் பாறு கழுகும்



உயிரினங்கள் அழிவதைப் பற்றிப் பேசினால் காடழிப்பு, வேட்டை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாறு கழுகை அழித்தது ஊசி மருந்து. 1990களில் வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அப்படி இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். ஒரே சடலத்தில் கூட்டமே அமர்ந்து தின்னும் பறவை. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். இழப்பை எப்படி ஈடுகட்டும்? வெண்முதுகுப் பாறு 15 ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது.

கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் 2006-ல் தடைசெய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. நம்மவர்களுக்கு வழி கண்டுபிடிக்கவா தெரியாது! 2015-ல்தான் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். கழுகுக்கு அதேபோல் கேடான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் மருந்துகளின் தடைக்கு 2023 வரை காத்திருந்தோம். இந்தத் தாமதத்துக்குச் சாக்கே கிடையாது.

தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டும் முக்கிய இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே மாடு வளர்ப்போரைக் குறைசொல்லிப் பயனில்லை. கன்று நொண்டினால் எவருக்கும் மனசு பதறத்தான் செய்யும். கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகம் என்ற வலி மருந்து இருக்கிறது. கால்நடைத் துறை அதை எல்லா மருந்தகங்களிலும் தட்டுப்பாடின்றி வைக்கட்டும். மாடு வைத்திருக்கும் வாசகர்களும் ஊசி போடும்முன் அதையே கேட்டு வாங்குங்கள்.

– ஒரு வாசகர், கூடலூர், நீலகிரி