பிள்ளைக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி

கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டால் குடியானவர் வீட்டில் நடப்பது ஒன்றுதான். பெரியவர் அதைக் காலால் நசுக்குவார். இல்லாவிட்டால், வயலுக்குக் கலந்த மருந்தில் மீதம் இருப்பதை அந்தச் செடியின் மீதும் ஒரு வீச்சு வீசிவிடுவார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. புழு என்றால் கொல்லவேண்டியது, பூச்சி என்றால் மருந்து என்ற பாடம் பள்ளிக்கூடம் போகுமுன்பே மனத்தில் ஏறிவிடுகிறது. பிறகு 'இயற்கையைக் காப்போம்' என்று அட்டை எழுதிக் கையில் கொடுத்து ஊர்வலம் விட்டால், பிள்ளை அட்டையைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

ஊர்வலத்தைவிட ஒரு புழுவே நன்றாகப் பாடம் சொல்லும். நாலைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பட்டாம்பூச்சிப் புழுவைக் கொடுத்து வளர்க்கச் சொல்லவேண்டும். காசு செலவில்லை, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலை.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை ஆகியவற்றின் இளந்தளிரில் கடுகளவுக்கும் சிறிதாக, வெளிர் மஞ்சள் நிறத்தில், உருண்டையான முட்டை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி இட்டது அது. சில நாளில் பொரிக்கும். முதலில் புழு பறவையின் எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். குருவியை ஏமாற்ற அந்த வேடம். வளர்ந்தபின் இலைப் பச்சையாக மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல இரண்டு கொம்பை நீட்டி ஒரு நெடியைக் கிளப்பும். கடிக்காது, கொட்டாது. பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். ஓரிரு தடவையோடு நிறுத்தச் சொல்வது நல்லது.

வாயகன்ற பாட்டிலோ பழைய பிளாஸ்டிக் டப்பாவோ போதும். வாயைக் கொசுவலைத் துணியால் கட்டவேண்டும். கறிவேப்பிலைக் கொத்தைச் சின்னப் புட்டியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். நாள்தோறும் புது இலை வைத்துப் புழுக்கையைத் தட்டிவிடுவது பிள்ளையின் பொறுப்பு. மாட்டுக்குத் தீவனம் போட்டுத் தொழுவம் கூட்டும் வீட்டில் இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். சுமார் இரண்டு வாரம் தின்றபின் தீனியை விட்டுவிட்டு அலையும். நோய் என்று நினைத்துப் பிள்ளை அழக்கூடும். ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் அதில் ஏறி, மின்கம்பத்தில் இடுப்புவார் கட்டிச் சாய்ந்து நிற்கும் ஆள்போல, பட்டு நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாள்; பனிக்காலத்தில் கூடுதலாகும். பெரும்பாலும் காலை வேளையில் கூடு வெடித்துப் பட்டாம்பூச்சி வெளியே வரும். சிறகு விரிந்து காய இரண்டொரு மணி நேரம் ஆகும். அதுவரை தொடக்கூடாது. பிறகு திறந்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் செடி இல்லையென்று கடைக் கறிவேப்பிலையைப் போட்டால் புழு மறுநாளே சுருண்டு கிடக்கலாம். விற்பனைக்கு வளர்க்கும் தோட்டங்களில் பலவற்றில் மருந்து தெளிக்கிறார்கள்; புழுவால் அதைத் தாங்கமுடியாது. "நாம் ரசத்தில் போடுகிறோமே?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் தேடவேண்டியதுதான். ஆகவே வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடியாவது மருந்து படாமல், பிள்ளையின் பேரில் விடப்படவேண்டும்.

"பூச்சியைக் கொல்லவே நேரமில்லை, வளர்க்கச் சொல்கிறார்களே" என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். சிரிப்பில் நியாயமும் உண்டு. எலுமிச்சை நாற்றுப் போட்டிருப்பவருக்கு இந்தப் புழு உண்மையான எதிரி. சில புழுக்களே இளங்கன்றை மொட்டையடித்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டில் இதை வளர்க்கவேண்டாம். நாற்றில் உள்ளதைக் கையால் பொறுக்கி அழிக்கட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு எருக்கஞ்செடி இருக்கிறது. வரப்போரத்து எருக்கில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு ஒரு புழு மேயும். அது எந்தப் பயிரையும் தொடாது. செம்மஞ்சள் சிறகுள்ள பட்டாம்பூச்சியாகும். எருக்கின் நச்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள்கூடப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலையைப் பெரியவர்தான் ஒடித்துத் தரவேண்டும். பிள்ளை கை கழுவவேண்டும். முருங்கையிலும் நிலக்கடலையிலும் வரும் கம்பளிப்புழு பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும்.

சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வராது. ஒரு சிறு துளை விழுந்து, எறும்பைவிடச் சின்னக் குளவிகள் கும்பலாக வெளியேறும். பிள்ளைக்குப் பெருத்த ஏமாற்றம். அதைத் தேற்றி டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியக்கூடாது, வளர்ப்பதில் கிடைக்கும் பாடத்திலேயே பெரியது இதுதான். புழுவைத் தின்னவும் பூச்சி உண்டு என்பதைப் பிள்ளை கண்ணால் கண்டுவிட்டது. கரும்பில் தண்டுப்புழு, இடைக்கணுப்புழுவுக்காக டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டையைத் தோகையில் கட்டுகிறார்களே, அந்த ஒட்டுண்ணியும் இந்தக் குளவிக்கு உறவுதான். அது முட்டையிலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஒட்டுண்ணி கட்டிய வயலில் மருந்து அடித்தால் ஒட்டுண்ணியும் சாகும் என்று விரிவாக்கப் பணியாளர் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். டப்பாவில் குளவியைப் பார்த்த பிள்ளைக்கு அதை ஒரு தடவை சொன்னால் போதும். அப்பன் கைத்தெளிப்பானைத் தூக்கும்போது, "எந்தப் புழு என்று பார்த்தாயா அப்பா?" என்று அதுவே கேட்கும். சொந்தப் பிள்ளை வாயால் கேட்பது கொஞ்சம் உறைக்கும்.

தமிழக அரசு 2019-ல் தமிழ் மறவன் என்ற வகையை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் வாழ்வது அது. வயற்காட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது. திருச்சிக்கு அருகே, ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் 2015-ல் பட்டாம்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். ஆனாலும் அங்கே சுற்றிப் பார்க்கத்தான் முடியும், தீனி வைக்கமுடியாது.

ஐப்பசி மழைக்குப்பின் கறிவேப்பிலை தளிர்விடும்போது முட்டை எளிதில் கண்ணில் படும். காலை வெயில் ஏறியபின் செடியைச் சுற்றிக் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி தொட்டுத் தொட்டுப் பறந்தால், அது போனபின் தளிரின் அடியையும் திருப்பிப் பார்க்கவேண்டும். வயலில் மருந்து அடிக்கும் நாட்களில் டப்பா வீட்டுக்குள் இருக்கட்டும். தெளித்த கையோடு இலை பறித்துக் கொடுக்கவேண்டாம்.