கண்ணாடி அலமாரியா, பிள்ளையின் கையா?



சென்ற விடுமுறையில் ஜப்பானிலிருந்து பனைக்குளம் வந்த என் தங்கை மகன், என் பேரனுக்கென ஒரு சிறு பெட்டியைக் கொண்டு வந்தான். அதைத் திறந்த என் ராத்தா, "அல்லாஹ்வே, உசிரோடயா கொண்டாந்திருக்கான்!" என்று மூடியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

உள்ளே இருந்தது மான்கொம்பு வண்டின் பிளாஸ்டிக் உருவம். ஆறு கால்களும் கணுக்கணுவாக மடங்குகின்றன. கொம்புகள் திறந்து மூடுகின்றன. முதுகோட்டை விலக்கினால் மெல்லிய சிறகு விரிகிறது. பண்டாய் போன்ற நிறுவனங்கள் செய்யும் இத்தகைய பூச்சி உருவங்களை அந்நாட்டில் பெரியவர்களும் வாங்கிச் சேர்த்து வைக்கிறார்கள்.

இக்கைவேலை அங்கே பழமையானது. போர்கள் ஓய்ந்த எடோ காலத்தில், கவசம் செய்து வந்த மியோச்சின் மரபுக் கொல்லர்கள், இரும்புத் தகடுகளைக் கோத்து நண்டு, பாம்பு, வண்டு முதலியவற்றை மூட்டுத்தோறும் அசையுமாறு செய்தனர். 1713ஆம் ஆண்டில் மியோச்சின் முனேஅகி செய்த டிராகன் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. வாளைத் தடுத்த கவசத்தின் நுட்பம் விளையாட்டுப் பொருளுக்குள் புகுந்தது எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் வீட்டிலோ வேறு வழக்கு எழுந்தது. விலையுயர்ந்த பொருளாயிற்றே, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைப்போம் என்றார் மருமகன். உயிரினத்தின் உருவத்தை அலங்காரமாக நிறுத்துவதை ராத்தா ஏற்கவில்லை. அலங்கார உருவம் வேறு, பிள்ளைகள் விளையாடும் பொம்மை வேறு என்று மார்க்க அறிஞர் பலர் பிரித்துக் கூறியுள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் இருந்த சிறகுள்ள குதிரைப் பொம்மையைப் பார்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்த செய்தியையும் நாம் அறிவோம். ஆகவே வண்டு பேரனின் கைக்கே போயிற்று. கால் ஒன்று ஒடிந்தால்தான் என்ன? மடக்கிப் பார்க்கத்தானே மூட்டு வைத்தார்கள்!

மறுநாளே அவன் அதைத் தோப்புக்குக் கொண்டுபோனான். அங்கே மரமேறுபவர் தென்னங்குருத்திலிருந்து கம்பியால் குத்தியெடுத்த காண்டாமிருக வண்டு கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, "வாப்புச்சா, இதுக்கு ஏன் ஒரே கொம்பு?" என்றான். நானும் அன்றுதான் உற்றுப் பார்த்தேன். மான்கொம்பு வண்டின் கொம்பு என நாம் எண்ணுவது உண்மையில் அதன் தாடை. ஆண் வண்டுகள் அதனால் ஒன்றையொன்று கவ்வித் தூக்கிச் சண்டையிடும். உணவோ மரத்தில் கசியும் சாறுதான். நம் தோப்பு வண்டுக்கு இருப்பது தலையில் முளைத்த கொம்பு. அது குருத்தைத் துளைப்பதனால், விரியும் ஓலை விசிறிபோல் வெட்டுப்பட்டுத் தெரிகிறது. 1909இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் கன்றுகளோடு சமோவாத் தீவை அடைந்து, பசிபிக் தீவுகளின் தென்னைகளையும் பாழாக்கியது இதே வண்டுதான்.

இது முட்டையிடுவது எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும். எங்கள் கொல்லையில் இரண்டும் இருந்தன, நான்தான் கவனியாதிருந்தேன். பேரனோடு மண்வெட்டி எடுத்துக் கிளறியபோது, வளைந்து கிடந்த கொழுத்த வெண்புழுக்கள் பதினான்கு அகப்பட்டன. ராத்தாவின் கோழிகளுக்கு அன்று நல்ல விருந்து.