தீயில் வேகாத உழைப்பு

2006 செப்ரெம்பர் 17 ஆம் நாள், இலண்டன் பின்ஸ்பரி சதுக்கத்தில் நீல் பூர்மன் என்பவர் தமது உடைமைகளைப் பகிரங்கமாகத் தீயிலிட்டார். பெயர்பெற்ற வணிகச் சின்னம் பொறித்த ஆடைகளும் காலணிகளும் அங்கு எரிந்தன. அவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர். நவநாகரிகச் சஞ்சிகைகளை நடத்தி, பண்டங்களுக்குக் கவர்ச்சி தேடிக்கொடுக்கும் உலகிலேயே பிழைத்தவர். அதன்பின் சின்னங்களின்றி வாழ முயன்ற அவர், அவ்வனுபவத்தை 2007 இல் நூலாக வெளியிட்டார். துறவும் விற்பனைக்கு வந்தது!

மணிமேகலையையும் பட்டினத்தாரையும் போற்றும் மரபில் வந்த நாம், துறவு என்றதும் தலைவணங்கிப் பழகியவர்கள். எனினும் இச்செயலைத் துறவென்று கொள்ளுமுன் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

பூர்மனின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. அணிந்த சின்னத்தைக் கொண்டு மனிதரை எடைபோட்ட தமது சிறுமையை அவர் ஒளிக்கவில்லை. தவறு அவரது நோக்கில் உள்ளது. மனிதர் தம் கையாற் செய்த பண்டம், மனிதரை ஆளும் தனிச்சக்தி போலத் தோற்றங்கொள்வதை 1867 இல் மார்க்ஸ் விளக்கினார். வணிகச் சின்னம் அம்மாயையின் உச்சம். அதனை அணிந்து பெருமைகொள்பவனுக்கும் அஞ்சி எரிப்பவனுக்கும் மாயை ஒன்றே. பேயை ஓட்டுபவனும் பேயை நம்புபவன் தானே! சட்டையைத் தைத்த கை அணிந்தபோதும் தெரியவில்லை, எரித்தபோதும் தெரியவில்லை.

1921 ஜூலை 31 இல் பம்பாயில் காந்தியடிகளும் அந்நியத் துணிகளுக்குத் தீ மூட்டினார். தாகூர் அதனைக் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அத்தீயின் அருகே இராட்டையும், பின்னே ஒரு மக்கள் இயக்கமும் இருந்தன. இலண்டன் தீயின் அருகே இருந்தது என்ன?

தனிமனிதர் திருந்தினாற் சமூகம் தானே திருந்தும் என வாதிடுவோர் உளர். அவர்கள் 2013 ஏப்ரில் 24 ஐ நினைவுகூர வேண்டும். அன்று டாக்காவுக்கு அண்மையில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா இடிந்து வீழ்ந்து 1,100 க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவர்கள் வெடித்திருந்தன. இருந்தும் தொழிலாளர் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். அதன்பின் ஆலைகளின் பாதுகாப்பைப் பரிசோதிக்கச் செய்தது எவரது துறவும் அன்று. தொழிற்சங்கங்கள் மேலைநாட்டு நிறுவனங்களுடன் அவ்வாண்டே செய்துகொண்ட, சட்டவலுவுள்ள உடன்படிக்கையே அதனைச் செய்தது. வாங்காதிருப்பவர் தமது மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ளலாம். ஆலையின் கூரையை அவரால் தாங்க முடியாது.

தேவைக்கு மிஞ்சி நுகராதிருத்தல் நல்லொழுக்கமே. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அலுமாரி நிறைய வைத்திருப்பவன் மட்டுமே ஆடம்பரமாகத் துறக்க முடியும். 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல், அந்நியச் சந்தைக்கு ஆடை தைக்கும் பெண்கள் நம் நாட்டிலும் உளர். அவர்கள் எதனைத் துறப்பது? அவர்களது கூலியையும் சங்க உரிமையையும் பேசாத எந்த நுகர்வு எதிர்ப்பும், வசதி படைத்தோரின் மற்றுமோர் அணிகலனாகவே முடியும்.